திட்டு வாங்கிய இடம்

வருசநாட்டுக்குச் செல்போன் டவர் வந்த வருடம், மேல்படிப்புக்கு இடம் பார்க்க இங்கிலாந்தில் இரண்டு பல்கலைக்கழகங்களுக்குப் போனேன். மலையடிவாரத்தில் எங்கள் பளியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து தாவரவியல் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான்.

முதல் இடத்தில் பேராசிரியர் என் மதிப்பெண் பட்டியலைத் திறக்கவே இல்லை. டேப் ரெக்கார்டரை மேசைமேல் வைத்துக்கொண்டு, உங்கள் ஆட்கள் தேன் எப்படி எடுப்பார்கள், சாமிக்கு என்ன படைப்பார்கள் என்று இரண்டு மணி நேரம் கேட்டார். படிக்க வந்தவளை உட்காரவைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். எரிச்சலை அடக்கிக்கொண்டு பதில் சொன்னேன்.

இரண்டாவது இடத்தில் ஒரு பேராசிரியை என்னைக் கண்ணாடிக் கூடத்துக்குக் கூட்டிப் போய், தொட்டியில் வளர்ந்த வள்ளிக்கிழங்கைத் தோண்டி எடை போடச் சொன்னார். தோண்டினேன். கொடியோடு இருந்த தலைப்பகுதியை ஒடித்து மறுபடி மண்ணில் புதைத்துவிட்டு, மிச்சத்தைத் தராசில் வைத்தேன். மலையில் எங்கள் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. அடுத்த வருடத்துக்கு விட்டுவைப்போம்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "ஒடிக்காத முழுக் கிழங்கின் எடை வேண்டும்; ஒடித்தால் சாறு வடிந்து எடை தப்பிவிடும். இத்தனை மாத உழைப்பு வீண். கேட்டுவிட்டுச் செய்யக் கூடாதா?" என்று தன் மாணவியைத் திட்டுவதுபோலவே எல்லோர் முன்னாலும் திட்டினார்.

ஊருக்கு வந்து அம்மாவிடம் எல்லாம் சொன்னேன்.

"எங்கனதான் சேரப் போற?"

"திட்டுன எடத்துல."

"தலையப் பொதச்சிட்டுத்தான வந்த?"

"பொதச்சிட்டேன்."

"அப்ப அவுக திட்டுனா திட்டிட்டுப் போறாக. நீ போயி, மொளச்சிருச்சான்னு பாரு."