கடைசி அடி

ராயபுரத்தில் ஒரு மாதா கோயில் திருவிழாவுக்கு மைக் செட் போட்டிருந்தேன். மேடையில் ஐந்து பெண்கள் சேர்ந்த பாண்டு. அப்போது திருவொற்றியூர் வரைக்கும் அவர்களுக்குத்தான் மவுசு. டிரம்ஸ் வாசித்தவள் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறாள். ஒல்லிக் கைகள், நெற்றியில் ஒட்டிய முடி. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் மற்ற நாலு பேர் முகத்தையும் பார்த்துக்கொள்வாள்.

"எல்லா மைக்கையும் என் ஹெட்போன்ல குடுண்ணா. அவளுங்க சத்தம் கேக்கலன்னா பயமா கீது" என்றாள். கொடுத்தேன்.

பாட்டுகளுக்கு நடுவே கூட்டத்துக்குப் போகும் சத்தத்தை மட்டும் அடைத்துவிடுவேன். கடைசிப் பாட்டுக்கு முன் அப்படி அடைத்தபோது, பாடகி கிட்டார்காரியிடம் முணுமுணுத்தாள்: "இத்தோட சரிடி. இனிமே நான் தனியாத்தான் பாடப் போறேன்."

கிட்டார்காரியைத் தவிர அதைக் கேட்டது ஹெட்போன் மாட்டியிருந்த நானும் டிரம்ஸ்காரியும்தான். அவள் சட்டென்று என்னைப் பார்த்தாள். முகம் வெளிறியிருந்தது.

பாட்டு முடியும் இடம் வந்தது. அவள் ஓங்கி ஒரு அடி அடித்தால்தான் மற்றவர்கள் நிறுத்துவார்கள். அவள் அடிக்கவில்லை. பாட்டை முடியவிடாமல் குச்சிகளால் டிரம்ஸை உருட்டி வாசித்துக்கொண்டே இருந்தாள். கூட்டம் விசிலடித்தது. பாடகி திரும்பி முறைத்தாள். டிரம்ஸ்காரியோ என்னையே பார்த்தபடி உருட்டினாள்.

அந்த அடி விழுந்துவிடக் கூடாதே என்று நானும் அவள் டிரம்ஸ் சத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டேன்.