பக்கெற்றின் பின்பக்கம்

கிறீச் கிறீச்சென்று முதலில் ஒரு சில்லுத்தான் கத்தும். வண்டி வளைவில் திரும்பி, அதில் அடுக்கிய ஆளுயரப் பெட்டிகள் கண்ணுக்குத் தெரிய இன்னும் கொஞ்சம் செல்லும். ஸ்காபரோ சுப்பர்மார்க்கெற் ஒன்றில் பதினெட்டு வருடமாக என் வேலை அப்படித்தான் தொடங்குகிறது. கடைத் தட்டை நிரப்புகிறவனுக்குத் தன் வயிற்றை ஒழுங்காக நிரப்ப நேரம் கிடைக்காது. என்னைப்போல இரவு வேலை செய்கிறவர்களுக்கு இதை நான் சொல்லவா வேண்டும்.

படம் வெளியே

ஒவ்வொரு பக்கெற்றையும் தட்டின் விளிம்புக்கு இழுத்து, படம் வெளியே தெரியத் திருப்பிவைக்க வேண்டும். எனக்கு வேலை பழக்கிய யோகன் அண்ணைக்கு ஒரு டின் திரும்பி நின்றாலும் பொறுக்காது. "கலியாண வீட்டுப் படத்துக்கு நிக்கிற மாதிரி நிக்கோணும். முதுகை ஆரடா பார்க்கிறது?"

ஃபாரூக்கின் பழக்கம்

இடைவேளையில் எனக்கு எப்போதும் கப் நூடில்ஸ். அதற்குள் இரண்டு சொசேஜை நறுக்கிப் போட்டு வெந்நீர் விட்டால் சாப்பாடு முடிந்தது. கூட வேலை செய்கிற ஃபாரூக், டோர்செட் பார்க் பகுதியிலிருக்கிற தன் வீட்டிலிருந்து இடியப்பம் கட்டிக்கொண்டு வருவான். ஹலாலா என்று பார்க்க, எந்தப் பக்கெற்றிலும் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைக் கடைசி வரி வரைக்கும் வாசிப்பான். ஒருநாள் என் கப்பையும் எடுத்து வாசித்தான். "அண்ணன், எனக்கு விளங்காத பேர் இதில பதினாறு இருக்கு. இத்தின வருஷம் வாசிக்காமலா திண்டீங்க?"

டொக்டர்

இந்த வருடம் குடலுக்குள் கமரா விட்டுப் பார்த்தார்கள். இரண்டு சதை வளர்ச்சிகளை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோயா இல்லையா என்று தெரிய இரண்டு கிழமை. என் சாப்பாடுதான் காரணமோ என்று கேட்டேன். தமிழ் டொக்டர், சுத்தி வளைக்கவில்லை. "சொசேஜ் மாதிரிப் பதப்படுத்தின இறைச்சி குடல் புற்றுநோய் வாற சாத்தியத்தைக் கூட்டும். மற்றப் பக்கெற் சாப்பாட்டுக்கும் தொடர்பு தெரியுது, இன்னும் ஆராயினம். உங்களுக்கு இதாலதான் எண்டு என்னால சொல்லேலாது."

முதுகு காட்டிய வரிசை

அந்த இரண்டு கிழமையும் கையில் பட்டதையெல்லாம் வாசித்தேன். வாசித்ததைத் திருப்பிவைக்க மறந்துபோனதுதான் பிழை. ஒரு காலை கடை திறந்தபோது நூடில்ஸ் வரிசை முழுக்க முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. முதலாவதாக வந்த அன்ரி கண்ணாடியைப் போட்டு, ஒரு பக்கெற்றை ஆறுதலாக, வரி வரியாக வாசித்தார். பிறகு ஐந்தை எடுத்து வண்டிலில் போட்டார். "தம்பி, இதையெல்லாம் காட்டினா மனுசர் என்னத்தைச் சாப்பிடுறது? படத்தைக் காட்டி வையுங்கோ."

வேலை நேரம் முடிந்தும் நின்று திருப்பினேன். அரைவாசி வரிசை முடிந்தபோது டொக்டரிடமிருந்து ஃபோன் வந்தது. புற்றுநோய் இல்லையாம், மூன்று வருடத்தில் திரும்பப் பார்க்க வேண்டுமாம். பக்கத்தில் பெட்டி மடித்துக்கொண்டு நின்ற ஃபாரூக்கிடம் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ். நாளைக்கு உங்களுக்கும் இடியப்பம் கொண்டு வாறன். சம்பல் உறைக்கும், பிறகு பின்னால எழுதேல்ல எண்டு சொல்லாதீங்க."

என் வயிற்றுக்குப் பின்பக்கம், ஊர் வயிற்றுக்குப் படம் என்று பிரித்துக்கொண்டால்தான் இந்தத் தொழிலில் நிற்கலாம் என்று நினைத்தபடி, மிச்ச அரைவாசியையும் படம் வெளியே தெரியத் திருப்பத் தொடங்கினேன்.