யாரு எண்ணினா?

சாவோ சமவெளியில் ரயில் பாதை போட்டபோது சிங்கங்கள் தின்ற ஆட்களின் எண்ணிக்கை புத்தகத்தில் இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் அதை உரக்கப் படித்து முடிக்கிறான். ஆசிரியர், முவாலிமு நியாம்பு, சன்னலோரத்திலிருந்து திரும்பாமலே கேட்கிறார்: "யாரு எண்ணினா?"

வகுப்பு இந்தக் கேள்விக்குப் பழகிப்போனது. பின்பெஞ்சிலிருந்து ஒரு பதில் வருகிறது. "சிங்கம்தான் முவாலிமு. அதுக்குத்தானே தெரியும்."

எல்லோரும் சிரிக்கிறார்கள். அவரும் சிரித்து, "அது கணக்கு எழுதி வச்சிருக்காதேடா" என்கிறார். பிறகு இன்னொரு பழைய புத்தகத்தை எடுத்து, அதே சிங்கங்கள் தின்ற ஆட்களுக்கு அதில் வேறு எண் இருப்பதைக் காட்டுகிறார். இரண்டில் எது சரி என்று சொல்வதில்லை. மணி அடித்துவிடுகிறது.

எதைக் கேட்டாலும் எண்ணியது யார் என்று கேட்கிற இந்த மனிதர், தான் மட்டும் ஏன் எதையும் எண்ணுவதில்லை? அவரோடு ஒரே ஆசிரியர் அறையில் பத்து வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். நான் கணக்கு வாத்தியார். அதனால் இது என் கண்ணில் முதலிலேயே பட்டது. வகுப்பில் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்பதை இரண்டு பிள்ளைகள் எண்ணிச் சொல்வார்கள், இவர் எழுதிக்கொள்வார். மலைச்சரிவிலுள்ள பாறைக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய், கீழே சமவெளியையும் நார்க்கற்றாழைத் தோட்டங்களையும் ஒரு கோடாகத் தெரியும் ரயில் பாதையையும் காட்டி அங்கேயே வரைபடம் போடச் சொல்வார். திரும்பும்போது எல்லோரும் வந்துவிட்டார்களா என்பதையும் பிள்ளைகள்தான் எண்ண வேண்டும்.

டான்சன் நியாம்பு, வயது நாற்பத்தாறு. மழையோ வெயிலோ, அதே பழுப்புக் கோட்டு. அதன் பையில் இரண்டாக உடைத்த சாக்பீஸ்கள். முழுச் சாக்பீஸ் அவர் கையில் கீச்சிடும் என்பார். மதியத்துக்குப் பயறும் மரவள்ளியும் மசித்த கிமங்காவை ஒரு டப்பாவில் கொண்டுவருவார். காலைக் கூட்டத்தில் மற்ற வகுப்புகள் வரிசையாக நிற்கும், அவருடைய வகுப்பு மட்டும் குவியலாக நிற்கும். முந்தைய தலைமையாசிரியர் இதற்காக அவரிடம் சண்டையே போட்டிருக்கிறார். "இது வகுப்பா, ஆட்டு மந்தையா?" என்று கேட்டால், "ஆடு வீட்டுக்குப் போய்ச் சேருதுல்ல" என்பார் நியாம்பு.

அவரைச் சிறந்த ஆசிரியர் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. குரல் கடைசி பெஞ்சுக்கு எட்டாது. வரலாறு, புவியியல், குடிமையியல் மூன்றும் சேர்ந்த பாடம் அவருடையது. பாடத்துக்கு இப்போது பெயர் மாறியும் பிள்ளைகள் பழைய பெயரில்தான் அழைக்கிறார்கள். முதல் இரண்டிலும் ஊர்ந்து ஊர்ந்து போய் வருஷத்தின் பாதியைத் தின்றுவிடுவார். குடிமையியலில் தேர்தல் பற்றிய அத்தியாயம் வந்தால், "நீங்களே மாத்தி மாத்திப் படிங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார். அவர்கள் படித்து முடிக்கும்வரை நீலகிரி மரத்தடியில் நிற்பார்.

அந்த மரத்தின் கதையை எனக்குச் சொன்னவள் வகேஷோ. பள்ளி வாசலில் மன்டாசி என்னும் இனிப்புப் போண்டா பொரித்து விற்கிறாள். முதுகில் கைக்குழந்தை, வாயில் எப்போதும் ஒரு பேச்சு.

எண்பத்தெட்டில் அவள் நியாம்புவிடம் ஆறாம் வகுப்புப் படித்தாள். அந்த வருஷம் தேர்தலில் வாக்குச்சீட்டு கிடையாது. வேட்பாளரின் படத்தைப் பிடித்திருப்பவருக்குப் பின்னால் வரிசையாக நிற்க வேண்டும், ஆட்களை எண்ணுவார்கள். எங்கள் பள்ளி மைதானம்தான் இந்த மலைப்பக்கத்துக்கு வாக்குச்சாவடி. இளம் ஆசிரியரான நியாம்புவுக்கு எண்ணிக்கை அலுவலர் வேலை. ஒரு வரிசை கழிப்பறையைச் சுற்றி வேலிவரை போனது. மற்ற வரிசைக்கு நீலகிரி மரத்தின் நிழலே போதுமானதாக இருந்தது. மேலிருந்து வந்த அதிகாரி தாளில் எண்களை முன்கூட்டியே எழுதிக்கொண்டு வந்திருந்தார். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. நிழலில் நின்ற வரிசை ஜெயித்தது. தாளில் நியாம்பு போட்ட கையெழுத்து, யார் பெயர் என்று தெரியாத ஒரு கிறுக்கல்.

வேலிக்குப் பின்னால் அவருடைய ஆறாம் வகுப்பு உட்கார்ந்திருந்தது. திங்கட்கிழமை வகேஷோ எழுந்தாள்.

"முவாலிமு, நாங்க எண்ணினோம். நீளமான பக்கம் நானூத்திப் பன்னெண்டு. மரத்துப் பக்கம் அறுபத்திமூணு. நான் ரெண்டு தடவை எண்ணினேன்."

"தப்பா எண்ணியிருக்கே. உக்காரு."

உட்கார்ந்தாள். மறுபடியும் எழுந்தாள். "வேணும்னா எல்லாரையும் கூப்பிட்டு நிக்கச் சொல்லுங்க முவாலிமு, மூணாவது தடவை எண்றேன்."

வகுப்பு சிரித்தது. அவர் முகம் வெளுத்தது என்கிறாள். அது உண்மையாகவும் இருக்கலாம், அவள் பிறகு சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம். அவர் சொன்ன பதிலில் மட்டும் அவளுக்குச் சந்தேகமில்லை. "எண்ணத் தெரியாதவ எழுந்து பேசக் கூடாது."

எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. கணக்கில் மதிப்பெண் போதவில்லை. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்பதைச் சொல்ல என்னிடம் வழியில்லை. தொடர்பு உண்டென்று நியாம்பு நம்புகிறார்.

தினமும் பத்தரை மணிக்கு அவர் வாசலுக்குப் போய் நாலு மன்டாசி கேட்பார். அவள் காகிதத்தில் சுற்றி நீட்டுவாள்.

"எண்ணிப் பாத்துக்குங்க முவாலிமு. எனக்கு எண்ணத் தெரியாது."

பக்கத்தில் யார் இருந்தாலும் இதைச் சொல்வாள். அவர் பொட்டலத்தைப் பிரிக்காமல் வாங்கிக்கொள்வார். ஆசிரியர் அறையில் பிரித்தால் சில நாள் மூன்று இருக்கும், சில நாள் ஐந்து. மூன்று இருந்தால் போய்க் கேட்பதில்லை; ஐந்து இருந்தாலும் போய்ச் சொல்வதில்லை. "உங்களை நல்லா ஆட்டி வைக்கிறா" என்று ஒருநாள் சொன்னேன். "அவ கொடுக்கிறதுதான் நாலு" என்றார்.

மன்னிப்புக் கேட்கலாமே என்று நானும் யோசித்ததுண்டு. ஆனால் பொய்யைக் கேட்டவள் பன்னிரண்டு வயதுப் பெண். அந்த மன்னிப்பு போய்ச் சேரப்போவது இருபத்தொன்பது வயதுக்காரியிடம். இடைப்பட்ட வயதுகளில் இருந்த வகேஷோக்களிடம் யார் போய்ச் சொல்வது? அவரும் இப்படி நினைத்தாரா, அல்லது வெறும் கூச்சமா, தெரியாது. இதைப் பற்றி அவர் என்னிடம் பேசியது ஒரே ஒரு முறை. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

"அந்தத் தேர்தல் தாளை நினைச்சு நான் ரொம்ப வருத்தப்படறதில்லே. நான் போடலேன்னா வேற ஒருத்தன் கையெழுத்துப் போட்டிருப்பான். ஆனா 'தப்பா எண்ணியிருக்கே'ன்னு அவகிட்ட நான் சொல்லலேன்னா, அதை வேற யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க."

போன பருவத்தின் கடைசியில் பெற்றோர் குழுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூட்டம் போட்டார்கள். போட்டியில் இரண்டு பேர், மரக்கடைக்காரர் ஒருவர், ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர் ஒருவர். புதிய தண்ணீர்த் தொட்டி சமையலறைப் பக்கமா, ஆசிரியர் குடியிருப்புப் பக்கமா என்பதுதான் அவர்களுக்குள் விவகாரம். மலைக்கு மேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. தலைமையாசிரியை இந்த ஊருக்குப் புதியவர். பழைய கதை எதுவும் தெரியாது.

"சீட்டெல்லாம் எழுத நேரமில்லைங்க. ரெண்டு வரிசையா நில்லுங்க. மூத்தவர் முவாலிமு நியாம்பு எண்ணிடுவார்."

அதே மைதானம். கூட்டத்தில் வயதானவர்கள் சிலர் தரையைப் பார்த்தார்கள். நியாம்பு மரத்தில் சாய்த்து வைத்திருந்த கரும்பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"நான் எழுதறேன். எண்ணுறதுக்கு வகேஷோவைக் கூப்பிடுங்க."

"யாரு, மன்டாசிக்காரியையா?" என்றார் மரக்கடைக்காரர். "எண்ணத் தெரியாதுன்னு அவளே தினம் கத்திக்கிட்டிருக்கா."

"அவளுக்கு இந்தப் பள்ளிக்கூடத்திலே பிள்ளை இல்லே. ரெண்டு பக்கமும் சேராதவ. கூப்பிடுங்க."

கையில் ஒட்டிய மாவைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாள். முதுகில் குழந்தை தூங்கியது.

"தப்பா வந்தா?" என்று அவரிடம் கேட்டாள்.

"நீ எண்ணு."

மரக்கடைக்காரரின் வரிசையில் நாற்பத்தேழு பேர் என்றாள். நானும் எண்ணியிருந்தேன்; சரியாக இருந்தது. நியாம்பு எழுதினார். ரயில்வேக்காரரின் வரிசையை அவள் ஒவ்வொரு தோளையும் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு போனாள். எனக்கு நாற்பத்தேழு வந்தது. நம்பாமல் மறுபடி எண்ணினேன். நாற்பத்தேழு. கரும்பலகைக்குப் பக்கத்தில் நியாம்புவின் உதடுகள் அசைவதைப் பார்த்தேன். பத்து வருஷத்தில் அவர் எண்ணிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் முடித்த இடத்தில்தான் அவருடைய உதடுகளும் நின்றன.

வகேஷோ திரும்பி வந்து அவருக்கு நேர் எதிரே நின்றாள்.

"நாப்பத்தெட்டு" என்றாள்.

தோளில் தோள் இடித்து நின்றவர்களில் ஒருவரை அவள் இரண்டு முறை தொட்டிருக்கலாம். பதினேழு வருஷமாக இந்த ஒரு எண்ணுக்காகக் காத்திருந்தாளோ என்னவோ. அவள் முகத்திலிருந்து எனக்கு எதுவும் தெரியவில்லை. நான் பெஞ்சிலிருந்து பாதி எழுந்தேன். நியாம்பு என்னைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். நான் உட்கார்ந்துவிட்டேன், அதை நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நாற்பத்தெட்டு என்று எழுதினார். பிறகு, யாரும் கேட்காமலே, அதற்குக் கீழே ஒவ்வொரு எழுத்தும் தெரியும்படி நிறுத்தி நிறுத்தித் தன் முழுப் பெயரை எழுதினார்.