அன்டனா வயரும் இரண்டு பெரிய மனிதர்களும்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பஜாரில் ஒரு புடவைக் கடையின் மாடியில் இரண்டு பேர் கூட்டாக ஒலிப்பதிவுக் கூடம் நடத்தினார்கள். ஒருவர் அந்தக் கடையின் முதலாளி. மற்றவர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த கணக்கு ஆசிரியர். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. ஆளுக்கொரு டிஜிட்டல் பதிவுக் கருவி வாங்கிப் போட்டிருந்தார்கள், இயக்குவது நான். பாட்டைப் பற்றி அவர்களுக்கு இருந்த ஒரே அக்கறை, சீடி அட்டையில் யார் பெயர் மேலே வரும் என்பதுதான்.

இரண்டு கருவிகள் சேர்ந்து ஓடவேண்டுமென்றால் ஒன்று நேரம் கொடுக்க வேண்டும், மற்றது அதன்படி நடக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒலியை மாற்றும்போது 'டிக், டிக்' என்று விழும். நேரத்தைக் கொண்டுபோக டிவி அன்டனாவுக்குப் போடுகிற வயரே சரியானது. சொன்னேன். கடைக்காரரின் கருவிக்குப் பின்னால் தன் கருவி நடக்காது என்றார் ஆசிரியர். கட்டடமே தன்னுடையது என்றார் முதலாளி. தோட்டத் தொழிலாளர் லயத்துக் கூரையில் தொங்குகிற வயர் ஸ்டூடியோவுக்குள் வரக் கூடாது என்பதில் மட்டும் ஒற்றுமை. முதலாளி கொழும்புக்குப் போய், தங்க முலாம் பூசிய முனையோடு பெருவிரல் தடிமனில் ஒரு மைக் வயர் வாங்கி வந்தார். இந்த வேலைக்கு அது சல்லிக்காசு பெறாது. அதைத்தான் மாட்டவேண்டியிருந்தது.

அம்மன் பாட்டுப் பாட, ராகலைப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் ஓர் அக்காவை அழைத்திருந்தோம். அப்படியொரு குரலை நான் அதன்பிறகு கேட்கவில்லை. பதிவு செய்து அடுத்த கருவிக்கு மாற்றினால், 'டிக்'. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர்களுக்குப் பாடியவரின் வாய் கோணலாகிவிட்டது.

"உது வெத்திலை போடுற வாய். பல்லிலையிருந்து வாற சத்தம்" என்று அக்காவின் முகத்துக்கு நேரே சொன்னார் ஆசிரியர்.

குற்றம் வயரில் என்றேன். என் வேலையைப் பார்க்கச் சொன்னார்கள். பின்கட்டுக் குழாயில் வாயைக் கொப்பளித்து வந்து அக்கா மறுபடி பாடினார். மறுபடியும் 'டிக்'. தோட்டத்து வாய் இப்படித்தான் என்று முதலாளி சிரித்தார். படியிறங்கும்போது அக்கா என்னிடம் சொன்னார்: "தம்பி, நான் வெத்தலையே போடுறதில்லங்க."

மறுநாள் கடை டிவியின் அன்டனா வயரை வெட்டியெடுத்து, முனை மாற்றி இரண்டு கருவிகளையும் இணைத்தேன். எது எதன் பின்னால் போகிறதென்று அவர்களுக்கு இன்றுவரை சொல்லவில்லை. அக்காவின் பாட்டை அடுத்த கருவிக்கு மாற்றிக் காட்டினேன். ஒரு 'டிக்' இல்லை. உடனே அதை வெளியிட வேண்டும் என்று இருவரும் பறந்தார்கள்.

சம்மதம் கேட்க நான் ராகலைக்குப் போனேன். அக்கா உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார். "அவங்க ரெண்டு பேரும் இங்க வந்து, என் வாயில குத்தமில்லன்னு சொல்லட்டும். அப்புறம் போடுங்க. இல்லாட்டி அழிச்சிருங்க" என்றார்.

வந்து சொன்னேன்.

"நீங்கள் முதல்ல போங்கோ முதலாளி, நான் பின்னால வாறன்" என்றார் ஆசிரியர்.

"சேர் படிச்சவங்க, நீங்க முன்னுக்குப் போங்க" என்றார் முதலாளி.

கருவி பின்னால் நடந்தாலே மானம் போய்விடும் என்று மல்லுக்கட்டியவர்கள், ராகலைக்குப் போக நுவரெலியா பஸ்ஸில் ஏற மட்டும் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டே இருந்தார்கள். இருவரும் போகவில்லை. அந்தக் குரலை நான்தான் அழித்தேன்.