ஆறு கெண்டைக் குஞ்சுகள்

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் அந்த மீன் பெட்டி இருக்கிறது. வெள்ளை நிற ஐஸ் பெட்டி. ஒரு பக்கம் தண்ணீர் ஏறும் குழாய், எதிர்ப்பக்கம் பாதி உயரத்தில் வழிந்துபோக ஓர் ஓட்டை, மூடியின் உள்பக்கம் ஊசியால் துளை போட்ட மெல்லிய பிளாஸ்டிக் குழாய். பம்பை ஓடவிட்டால் பெட்டிக்குள் தூறல் விழும். தூண்டிலில் மாட்டும் குஞ்சு மீன்கள் ஏரியின் நடுவிலும் உயிரோடு இருப்பதற்காக என் கொழுந்தனார், அதாவது கணவரின் தம்பி, தன் கையால் செய்தது. அடுத்த வாரம் அவர் விடுமுறையில் வருகிறார். அதற்குள் பெட்டி சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லக் கேட்டிருந்தார். நேற்று மாலை என் கணவர் ஏரித் தண்ணீரும் ஆறு கெண்டைக் குஞ்சுகளும் கொண்டுவந்து அதில் விட்டார். காலையில் திறந்து பார்க்கும் வேலை என்னுடையது. நாலு வயது மகள் என் நைட்டியைப் பிடித்து இழுத்து, "தொறம்மா, தொறம்மா" என்கிறாள். நான் மூடிமேல் கை வைத்தபடி நிற்கிறேன்.

நான் ஏலகிரி மலையடிவாரத்தில் பிறந்தவள். ஆம்பூரை அடுத்த இந்த ஊருக்குக் கல்யாணமாகி வந்த அன்று, கார் நெடுஞ்சாலையைவிட்டுத் திரும்பியதும் தோல் தொழிற்சாலைகளின் வாடை உள்ளே வந்தது. யோசிக்காமல் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டேன். முன்சீட்டில் இருந்த மாமியார் கண்ணாடியில் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. "அது நம்ம சோத்து வாசனைம்மா. மூக்க மூடாத, பாக்கறவங்க ஒரு மாதிரி நெனைப்பாங்க" என்றார். எங்கள் தெருவில் இது எழுதாத சட்டம். வெளியூரிலிருந்து வரும் மருமகள் மூக்கை மூடக்கூடாது, வாடை என்ற பேச்சையே எடுக்கக்கூடாது. சம்பந்தி வீட்டுப் பந்தியில் இலையில் கிடந்த முடியை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டுவதைப்போல அது. நான் சீக்கிரம் கற்றுக்கொண்டேன். எனக்கு எது வந்தாலும் சொல்லாமல் இருக்கத் தெரியும். சிறு வயதிலிருந்தே அதில் நான் நல்ல மாணவி.

கொழுந்தனார் தொழிற்சாலையில் தோல்களைச் சுழற்றும் பெரிய மர டிரம்களில் வேலை பார்த்தார். என் வயதுதான், ஆனாலும் "அண்ணி, அண்ணி" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏரிதான். மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பிய ஒரு வருடம், சுற்றுலாப் பயணிகளுக்குப் படகு விட்டுக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து பழைய கயாக் ஒன்றை வாங்கிக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒருவர் மட்டும் கால் நீட்டி உட்காரும் மஞ்சள் படகு, அடியில் இரண்டு ஒட்டு. "இன்னாடா இது, வெள்ளரிக்காய நடுவுல கீறினாப்பல" என்றார் மாமியார். "இதுல போனா வெரால் இருக்கற எடத்துக்கே போய்டலாம்மா. கரையில குந்திக்கினு அதுங்க வரும்னு காத்துக்கினு இருக்க வேணாம்."

விரால் செத்த இரையைத் திரும்பிப் பார்க்காதாம். துள்ளும் கெண்டைக் குஞ்சு வேண்டும். கரையில் என்றால் வாளி போதும். கயாக்கில் வாளி கவிழ்ந்தது. கவிழாத நாளில் வெயிலில் தண்ணீர் சுட்டு, மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. உட்காரும் இடத்துக்குப் பின்னால் உள்ள குழியில் பொருந்துகிற மாதிரி தாழ்வான பெட்டி ஒன்றைத் தானே செய்துவிடுவதென்று முடிவுசெய்தார். அதற்காகத் தொழிற்சாலையிலிருந்து வாய் அகன்ற நீல நிறக் கேன்கள் இரண்டைக் கேட்டு வாங்கி வந்தார்.

எங்கள் பகுதியில் தொழிற்சாலைக்கு ரசாயன மருந்து வந்த கேன் எதுவும் வீணாவதில்லை. சோப்புத்தூள், புளி, வெந்நீர், இரண்டு நாள் வெயில், அவ்வளவுதான், வீட்டுக்கு வந்துவிடும். குழாயில் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறை வரும் தெருவில் மூடி உள்ள கேன் என்பது பெரிய வசதி. ஒரு கேனைக் கொழுந்தனார் பெட்டிக்காகக் குறுக்கே அறுத்தார். இன்னொன்றை மாமியார் எடுத்துக்கொண்டார். "கொழந்தைக்குக் குளிக்க ஊத்தறதுக்குத் தனியா இருக்கட்டும். யாரும் கைய வுடக்கூடாது" என்று குளியலறையில் வைத்தார். என் மகளுக்கு அப்போது எட்டு மாதம். முதல் நாள் அந்தக் கேனின் மூடியைத் திறந்தபோது ஒரு வாடை வந்தது. அழுகிய பூண்டும் எரிந்த ரப்பரும் சேர்ந்தாற்போல, மிக லேசாக. நான் வேதியியல் படித்தவள். பிரசவத்துக்கு முன்பு ஒரு ஷூ கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவள். அந்த நிமிடம் என்ன நினைத்தேன் என்று எத்தனையோ முறை எனக்குள் விசாரித்திருக்கிறேன். பத்து முறை கழுவியிருக்கிறார்கள், எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறது என்று நினைத்தேன். மாமியார் ஆசையாக எடுத்துவைத்ததை முகர்ந்து பார்த்துக் குறை சொல்வதா என்றும் நினைத்தேன். மூடியை மூடிவிட்டேன்.

பெட்டி வேலை கொல்லையில் நடந்தது. பைக் பேட்டரியில் ஓடும் சின்ன பம்பு, பெட்டியின் பாதி உயரத்தில் வழியும் ஓட்டை. மூலைகளில் மீன் மூக்கை முட்டிக்கொள்ளும் என்று செருப்புக்கு வெட்டும் ஸ்பாஞ்சு ஷீட்டை வளைத்து ஒட்டினார். ஏரித் தண்ணீர் ஊற்றி, ஆறு குஞ்சுகளை விட்டு, ராத்திரி முழுக்க பம்பு ஓடவிட்டுப் பார்த்தார். காலையில் ஆறும் செத்து மிதந்தன. காற்று போதவில்லை என்று தூறல் குழாயை மாற்றினார். மறுபடியும் செத்தன. ஷீட் ஒட்டிய சொல்யூஷன் மேல் சந்தேகம் வந்தது. ஷீட்டைப் பிய்த்துச் சுரண்டி எடுத்தார். மறுபடியும் செத்தன. "மீனு புடிக்கப் போறியா, காரியம் பண்ணப் போறியா?" என்று என் கணவர் கிண்டல் செய்தார். கொழுந்தனார் சிரித்தார். ஆனாலும் ஒவ்வொரு முறையும் செத்த குஞ்சுகளைக் கையில் எடுத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

அதே வாரங்களில்தான் மகளின் முதுகிலும் தொடையிலும் சிவப்புத் தடிப்புகள் வந்தன. முதலில் வேர்க்குரு என்றார்கள். பிறகு நான் சாப்பிட்ட கத்தரிக்காய் என்றார்கள், கருவாடு என்றார்கள். இரண்டையும் விட்டேன். குழந்தை சொறியத் தெரியாமல் உடம்பை நெளித்து அழுதது. டாக்டர், "சோப்பு மாத்தினீங்களா? பவுடர்? துணி துவைக்கிறது?" என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். களிம்பு தந்தார். தடவினால் இரண்டு நாள் தணியும், பிறகு இன்னும் கூடுதலாகக் கிளம்பும். சுத்தமாக இல்லாததால்தானோ என்று பயந்து, ஒரு வேளை மட்டும் குளிப்பாட்டியவளை இரண்டு வேளை குளிப்பாட்டினோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கொழுந்தனார் கொல்லையில் குந்தி உட்கார்ந்திருந்தார். இந்த முறை ஒரு காரியம் செய்திருந்தார். பெட்டியில் ஆறு, துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் அலுமினியக் குண்டானில் ஆறு. பெட்டியில் பம்பு ஓடிக்கொண்டிருந்தது, தூறல் அழகாக விழுந்துகொண்டிருந்தது, ஆறும் மல்லாந்து கிடந்தன. பம்பே இல்லாத குண்டானில் ஆறும் சுற்றிச் சுற்றி வந்தன.

"தண்ணி அதே தண்ணி, மீனு அதே மீனு. இன்னா பேஜாரு அண்ணி இது?" என்றார்.

நான் குனிந்து பெட்டியை முகர்ந்தேன். அவர் முன்னால் அதுவரை நான் எதையும் முகர்ந்து பார்த்ததில்லை.

"இது எந்தக் கேன் தம்பி?"

"ஈரத் தோல்ல பூஞ்ச புடிக்காம இருக்க ஊத்துவாங்களே, அந்த மருந்துது. பத்து வாட்டி கழுவிட்டேன் அண்ணி."

"அந்த இன்னொன்னு?"

"அதுவும் அதேதான்…" என்று சொல்லும்போதே அவர் முகம் மாறியது. உள்ளே குளியலறையில் கேனின் விளிம்பில் மக் இடிக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பத்தடி தூரத்தை எப்படிக் கடந்தேன் என்று தெரியவில்லை. மாமியார் கால் நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் கால்மேல் குப்புறப் போட்டிருந்தார். தலை முதல் கால் வரை சோப்பு நுரை. வலது கையில் மக் நிறையத் தண்ணீர்.

"ஊத்தாதீங்க அத்த!"

அந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. மாமியார் கையிலிருந்த மக் விழுந்தது. குழந்தை மிரண்டு தலையைத் தூக்க, நுரை கண்ணில் இறங்கியது. வீல் என்று கத்தினாள். நான் அவளை வாரி எடுத்துக்கொண்டேன். சோப்பில் வழுக்கினாள். கழுவித்தானே ஆக வேண்டும், எதில் கழுவுவது? குழாயில் தண்ணீர் வர இன்னும் ஒரு நாள் இருந்தது. வீட்டில் மற்ற குடங்கள் காலி. "இன்னாம்மா ஆச்சு, இன்னாம்மா ஆச்சு?" என்று மாமியார் கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்குள் கொழுந்தனார் சமையலறையிலிருந்து குடிதண்ணீர்க் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். கடையில் வாங்கிய இருபது லிட்டரையும் குழந்தைமேல் சரித்தார். அவள் அடங்கிய பிறகும் காலியான கேனைக் கீழே வைக்காமல் நின்றார். "நான்தாம்மா கொண்டாந்தேன். நான்தான்" என்று மாமியாரைப் பார்த்துச் சொன்னார். நான் அப்போதும், முதல் நாளே வாடை வந்தது என்று சொல்லவில்லை.

மறுநாள் டாக்டரிடம் கேன் விஷயத்தைச் சொன்னேன். இரத்தப் பரிசோதனை செய்தார்கள். "பயப்படாதீங்க, தோலோட நின்னுடுச்சு" என்றார். ஒரு மாதத்தில் தடிப்புகள் மறைந்தன. அதற்கு முன்பாகவே இன்னொரு கவலை வந்துவிட்டது. அதே மாதிரிக் கேன்கள் எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் இருந்தன. நானும் கொழுந்தனாரும் போய்ச் சொன்னோம். முதல் வீட்டு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "வந்த அன்னிக்கே மூக்க மூடுன பொண்ணாச்சே. ஆறு வருஷமா பொழங்கறோம், எங்களுக்கு இன்னா ஆயிடுச்சி?" என்றார். கொழுந்தனார் வாதாடவில்லை. வீட்டுக்குப் போய்க் குண்டானைத் தூக்கி வந்து, உயிரோடிருந்த ஆறு குஞ்சுகளையும் வீட்டுக்கு இரண்டாக மூன்று கேன்களிலும் விட்டார். "ஒண்ணும் செய்ய வேணாம்க்கா. காலைல எழுந்து பாருங்க" என்றார். மறுநாள் விடிந்ததும் அந்த அம்மாவே எங்கள் வாசலில் நின்றார். உள்ளங்கையில் இரண்டு செத்த மீன்கள். இன்னொரு வீட்டிலும் செத்திருந்தன. மூன்றாவது வீட்டுக் கேனில் மட்டும் நீந்திக்கொண்டிருந்தன. அது வேறு ஏதோ எண்ணெய் வந்த கேன். அந்த வீட்டுக்காரரும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டார். எல்லாக் கேன்களையும் யாரும் மறுபடி எடுக்க முடியாதபடி கொழுந்தனார் அடியில் கடப்பாரையால் குத்தித் தொழிற்சாலைக்கே திருப்பிக் கொண்டுபோனார்.

பிறகு கடையில் புதிதாக இந்த வெள்ளை ஐஸ் பெட்டியை வாங்கினார். இதைச் செய்தபோது ஒவ்வொரு துண்டும் முதலில் என்னிடம் வந்தது. குழாய், பம்பு, மூடியைச் சுற்றி ஒட்டும் ரப்பர், எல்லாமே. "அண்ணி, மோந்து பாருங்க" என்று நீட்டுவார். மாமியார்கூட இப்போதெல்லாம் பால் பாத்திரத்தை என்னிடம் நீட்டுகிறார். பெட்டி வேலை செய்தது. முதல் விராலை வீட்டுக்கு எடுத்து வந்த சில மாதங்களில் ஆப்பிரிக்காவில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். கயாக் கொல்லையில் கவிழ்ந்து கிடக்கிறது. மகளின் தோலில் இன்று ஒரு தழும்பும் இல்லை. ஆனாலும் தினமும் குளிப்பாட்டும் முன் நான் தண்ணீரை முகர்ந்து பார்க்கிறேன். கொசு கடித்த தடிப்பைக்கூட வெளிச்சத்தில் காட்டிப் பார்க்கிறேன்.

நேற்று இரவு கொழுந்தனார் போனில் பேசினார். மீன் விட்டாச்சு என்று நான் சொன்னதும், "பொட்டிய மோந்து பாத்தீங்களா அண்ணி?" என்றார். எப்போதும் கேட்பதுதான். எனக்கு நேற்று என்னவோ சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. "தம்பி, அந்த நீலக் கேனைத் தொறந்த அன்னிக்கே எனக்கு வாடை வந்துச்சு. நான் சொல்லல" என்றேன்.

"எனக்கும் வந்துச்சு அண்ணி" என்றார். "எங்க மூக்குதான் செத்த மூக்காச்சே. உங்க மூக்குக்கு ஒண்ணும் வரல, நீங்க ஒண்ணும் சொல்லல, அப்போ எனக்குத்தான் தோணுதுன்னு வுட்டுட்டேன்."

உடனே என் மகளைப் பேசக் கூப்பிடச் சொன்னார்.

இப்போது மூடியைத் தூக்குகிறேன். முதலில் மூக்கு. பாசி, ஈரம், மீன். வேறெதுவும் வருகிறதா என்று மூச்சை அடக்கிவிட்டு மறுபடி இழுத்துப் பார்க்கிறேன். மகளைத் தூக்கிப் பெட்டியின் விளிம்பருகே காட்டி, "உனக்கு இன்னா வாசன வருது? சொல்லு" என்கிறேன். அவள் கண்ணை மூடி முகர்கிறாள். "மீனு நாத்தம்மா!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறாள். கீழே துணி உலர்த்திக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த துணியை உதறுகிறார். நான் தூறலுக்கு அடியில் விரலால் எண்ணத் தொடங்குகிறேன். ஐந்துதான் தெரிகிறது. பம்பை நிறுத்திவிட்டு, தண்ணீர் தெளியக் காத்திருந்து, மறுபடி எண்ணுகிறேன். வழியும் ஓட்டைக்கு அடியில், நிழலில், ஆறாவது இருக்கிறது. செவுளை அசைத்துக்கொண்டிருக்கிறது.