மங்களம் அக்காவின் பன்னிரண்டு டின் மண்

சிம்பாங் பூலாய் தொடங்கி கோலா கங்சார் வரை உள்ள மண்ணெல்லாம் மங்களம் அக்காவைக் கேட்டுத்தான் விளையும். அவர் முகர்ந்து பார்த்து முகம் சுளித்தால் சுண்ணாம்பு மலையே இடம் மாறி உட்காரும். இதில் பாதி நான் கூட்டியது. மீதியையும் நான்தான் கூட்டினேன்.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் களை வெட்டும் கூட்டத்துக்கு அவர் தலைவி. ஆறாம் வகுப்போடு நின்ற நான் அதில் ஒரே ஆண். எழுபத்தெட்டாம் வருடம் ஒன்பதாம் நம்பர் காட்டில் ரப்பர் கன்றுகள் மஞ்சளாகின. மண்ணுக்குச் சத்து சேர்க்க இடையில் விதைத்த அவரைச் செடியும் தேறவில்லை.

"களைய ஒழுங்கா வெட்டல. அடுத்த மாசம் வேற கேங் வரும்லா," என்றார் வேலையை மேற்பார்க்கும் தண்டல் உடையப்பன்.

"களை போயிருச்சி அண்ணே, அது செஞ்ச வேலை போகல," என்றார் அக்கா. "எங்கேருந்தோ வந்த படர்கொடி, நாலு வருசம் மூடிக் கெடந்துச்சி. மண்ணுல கண்ணுக்குத் தெரியாத உசிருங்க இருக்குன்னு வெதை குடுக்க வந்த ஆபிசர் சொன்னாருல்ல? அவரை வேருக்குச் சோறு போடுற கூட்டம் அத்துப்போச்சி. வேற கூட்டம் குடியேறிருச்சி."

"கண்ணுக்குத் தெரியாதது ஒனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சிச்சி?"

"அவரை வேர்ல அதுங்க குடியிருக்குற முடிச்சே இல்லையே. நாப்பது நாள் குடுங்க, காட்டுறேன்."

பன்னிரண்டு பால் டின்களில் அந்தக் காட்டு மண்ணை நிரப்பினார். ஆறில் மட்டும், அவரை செழித்த பழைய காட்டிலிருந்து ஒரு பிடி மண் கலந்து சிவப்பு நூல் கட்டினார். எல்லாவற்றிலும் அதே அவரை விதை.

இருபதாம் நாள் சிவப்பு நூல் செடிகள் நோஞ்சானாக நின்றன. அக்கா தோற்றால் கூட்டம் கலையும். பிறகு நான் விளையாட்டுக்கு யார் செருப்பை ஒளித்து மரத்தில் தொங்கவிடுவது? கணக்கு எழுதும் கிராணி பார்க்காத நேரம் ஸ்டோரிலிருந்து யூரியா உரம் எடுத்துப் போட்டேன்.

நாற்பதாம் நாள் தண்டல் வந்தார். நூல் இல்லாத ஆறும் வெறும் வேர். சிவப்பு நூலில் கரும்பச்சையாக நின்றதை அவரே பிடுங்கினார். அதுவும் வெறும் வேர்.

"ஒரு பிடி மண்ணு நல்லா வேல செஞ்சிருக்குலா," என்று சிரித்தார்.

அக்கா சிவப்பு நூலில் ஆகச் சிறியதைப் பிடுங்கினார். வேர் முழுக்கக் கடுகு கடுகாக முடிச்சுகள். ஒன்றை நகத்தால் பிளந்தார், உள்ளே உயிருள்ள இளஞ்சிவப்பு. இன்னொரு சிறியதிலும் அப்படியே.

தண்டல் ஒரு முடிச்சை விரலில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். "சரி, காடு முழுக்க மண்ணு கலந்து வெதைங்க. ஒங்க கேங்கே செய்யட்டும்," என்று சைக்கிளை எடுத்தார்.

முதலில் கைதட்டியது நான்.

"மேல உரத்த ஊட்டுனா, வேரு எதுக்குடா முடிச்சு போடும்?" என்றார் அக்கா, என்னைப் பார்க்காமலே. "நாலு டின்னுக்குத்தான் போட்டிருக்க. மீதி ரெண்டுக்குப் போடுறதுக்குள்ள யாரு வந்துட்டாங்க?"

"கிராணி," என்றேன்.