மின்விசிறிக்குக் கீழே என் வழுக்கை

நண்பர்களே, இன்று சாயங்காலம் ஸ்ரீரங்கத்துக்குக் குடும்பத்தோடு பெண் பார்க்கப் போனோம். அதற்கு முன் காலையில் நான் மட்டும் தென்னூரில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். இருபத்தெட்டு வயதில் பாதித் தலை காலி என்றால் வேறென்ன செய்வது?

டாக்டர் என் தலையைத் தடவிப் பார்த்தார். "அப்பாவுக்கு வழுக்கையா தம்பி?"

"தாத்தாவுக்கும்தாங்க."

"அப்ப சரி. எல்லா ஆம்பளைக்கும் சுரக்கிற ஹார்மோன்தான். உங்க குடும்பத்து முடி வேருக்கு அது ஒத்துக்கலை. வேர் சுருங்கிப்போகுது."

"என்ன தைலம் தடவலாம் டாக்டர்?"

"எதுக்கும் கேக்காது. அமெரிக்காவுல போன வருஷம், 1959-ல, பின்மண்டை முடியை எடுத்து முன்னாடி நட ஆரம்பிச்சிருக்காங்களாம். நம்ம ஊருக்கு வர நாளாகும்."

நிச்சயமாகச் சாயங்காலத்துக்குள் வராது. அதனால் இடப்பக்க முடியை நீளமாக இழுத்து வலப்பக்கம் படிய வாரிக்கொண்டு கிளம்பினேன்.

பெண்ணின் அப்பா, "மாப்பிள்ளைக்கு வேர்க்குது பாருங்க" என்று ஃபேனைப் போட்டார். வாரி மூடியதெல்லாம் எழுந்து நின்றது. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

பெண் ஸ்கூல் டீச்சர். அவள்தான் கேட்டாள். "தினமும் இப்படி வார எவ்வளவு நேரமாகுதுங்க?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "இருபது நிமிஷம்" என்றேன்.

"ஒட்ட வெட்டிட்டா அவ்வளவு நேரமும் மிச்சமாச்சே" என்று சிரித்தாள். பிறகு திரும்பி, "எனக்குச் சம்மதம்ப்பா" என்றாள்.

நாளைக் காலை சலூனுக்குப் போகிறேன். தனியாகப் போனால் பாதி வழியில் திரும்பிவிடுவேன். துணைக்கு யார் வருகிறீர்கள்?